சந்தனப் பொட்டுக்குப் பின்னால் ஒரு முள்

எங்கள் லோரியின் முன்பலகையில் நான்கு வட்டக் கண்ணாடிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முள். வேகத்தைக் காட்டும் முள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். டீசலைக் காட்டும் முள் பொய் சொல்லும். அது பாதி என்று காட்டினால் அப்பா கால்வாசி என்று எடுத்துக்கொள்வார். சூட்டைக் காட்டும் முள் வெயில் ஏற ஏற மெதுவாக எழுந்திருக்கும். நான்காவது, ஸ்டியரிங் வளையத்தின் இடைவெளியில் அப்பாவின் கண்ணுக்கு நேராக இருந்தது. எஞ்சினுக்குள் கறுப்பு எண்ணெய் எவ்வளவு வேகத்தோடு தள்ளப்படுகிறது என்று காட்டுவது. அதை நாங்கள் எண்ணெய் முள் என்போம். மற்ற மூன்றும் என்ன ஆனாலும் லோரி ஓடும், எண்ணெய் முள் விழுந்தால் ஓடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஒரு தையல் கடையில் வேலை செய்தார். பள்ளி இல்லாத நாள்களில் என்னைப் பிளாட் வீட்டில் தனியாக விட மனம் இல்லாமல் அப்பாவோடு லோரியில் ஏற்றிவிடுவார். நான் அதிகம் பேசமாட்டேன். வீட்டுக்கு யாராவது வந்தால் துணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்பாவும் அப்படித்தான். அவருக்கு அலமாரிக்குப் பதில் லோரி இருந்தது.

காலையில் காலி லோரியோடு, வண்டிகளையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் ஃபெரியில், அக்கரையில் இருந்த பட்டர்வொர்த் போவோம். அங்கே கிடங்கில் அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஃபெரி பிடித்துத் தீவுக்கு வருவோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் இருந்த கடைகளுக்கு மூட்டைகள் இறங்கும். நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் ஒருவர் எனக்கு மட்டும் ஒரு டம்ளரில் பால் அனுப்புவார். நான் இறங்க மாட்டேன் என்று தெரிந்து அதை ஜன்னல் வழியாகக் கொடுக்கச் சொல்வார்.

ஃபெரிக்காகக் காத்திருக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்தால் மறுபடியும் கிளப்ப நேரமாகும் என்று அப்பா அணைக்கமாட்டார். கேபினே மெல்ல ஆடும். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் எஞ்சினை மூடியிருந்த மேட்டின் மேல் ஒரு பழைய கோணிச்சாக்கு விரித்திருக்கும்; அதில் கை வைத்தால் ஒரு பெரிய பிராணியின் முதுகைத் தொடுவது போலச் சூடாக இருக்கும். தூரத்தில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது தூண்கள் மட்டும்தான் நின்றன. கடலுக்கு நடுவே யாரோ மேசையின் கால்களை மட்டும் நட்டுவிட்டு, மேல்பலகையை எடுத்துவரப் போனது போல இருக்கும். அதைப் பார்த்தபடியே நான் பாதி தூங்கிப்போவேன். கண்ணை மூடினாலும் எஞ்சின் பல்லில் கேட்கும்.

அந்த லோரி எனக்கு மூத்தது. எத்தனை மைல் ஓடியது என்று காட்டும் எண்கள் ஐந்துதான். ஐந்து ஒன்பதும் சேர்ந்து வந்தால் அடுத்தது எல்லாம் பூஜ்யமாகிவிடும். ஒரு சனிக்கிழமை, பட்டர்வொர்த்தை அடுத்த பிறை என்ற ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஆனது. அப்பா லோரியை ஓரம் கட்டி, என்னைத் தன் மடியில் உட்கார வைத்து, ஐந்து பூஜ்யங்களையும் காட்டினார். "மறுபடியும் பொறந்துடுச்சு பாப்பா," என்றார். ஏற்கெனவே இரண்டு முறை பிறந்துவிட்ட லோரி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு அந்த லோரி ஆகாது. ஒருமுறை கியர் உடைந்து பட்டர்வொர்த்தில் இரண்டு நாள் நின்றுபோனதிலிருந்து அது இன்னும் மோசமானது. அம்மாவின் அண்ணன், என் மாமா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் வரும்போதெல்லாம் சொல்வார்.

"அந்த பஸ் வேலைக்குப் போயிடுங்களேன்," என்றார் அம்மா. "யூனிஃபார்ம் குடுக்குறாங்க, லீவு குடுக்குறாங்க. இந்த லோரி என்னா குடுக்குது? முதுகு வலிதான குடுக்குது."

 அப்பா அம்மாவைக் கீழே லோரிக்கு அழைத்துப்போனார். நானும் பின்னால் போனேன். எஞ்சினைக் கிளப்பி, கதவைத் திறந்து, எண்ணெய் முள்ளைக் காட்டினார்.

"இது நிமிந்து நிக்கிற வரைக்கும் எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது. இது படுத்துச்சுன்னா நானே லோரிய விட்டுட்டு பஸ் ஓட்டப் போயிடுறேன்."

"சத்தியமா?"

சத்தியம் செய்ய ஒரு தலை வேண்டும். பக்கத்தில் வேறு தலை இல்லாததால் அப்பா என் தலையில் கை வைத்து, "சத்தியமா," என்றார். உள்ளங்கை முழுவதையும் வைத்தார். கனமாக இருந்தது. அம்மாவுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தேன். சத்தியத்தை மீறினால் யார் தலையில் கை வைத்தார்களோ அவர்களுக்குத்தான் தலை வெடிக்கும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். எப்போது வெடிக்கும் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு அம்மா தினமும் காலையில் சாப்பாட்டு டின்னோடு கீழே வந்து, படியில் ஏறி, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் டின்னைக் கொடுப்பார். முள் நெட்டுக்குத்தாக நிற்கும். அம்மா பார்த்தது எப்போதும் காலை முள். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், எந்தக் கிழட்டு எஞ்சினிலும் காலையில் முள் நிற்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லோரியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. அம்மா சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துக் கிண்ணத்தில் கொடுத்தார். கதவுகளுக்கு, ஸ்டியரிங்குக்கு, கண்ணாடிக்கு என்று வைத்துக்கொண்டே வந்து, நான்கு வட்டங்களுக்கும் வைத்தேன். எண்ணெய் முள் இருந்த வட்டத்தில் எங்கே வைப்பது என்று யோசித்தேன். முள் நிற்கும் இடத்தில் வைத்தால் அம்மா பார்க்க முடியாது. கீழே இடது ஓரம் சும்மா இருந்தது. அங்கே முள் வந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். அப்பா பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

தீபாவளிக்குள் மற்ற பொட்டுகள் காய்ந்து உதிர்ந்துபோயின. எண்ணெய் முள்ளின் பொட்டு மட்டும் உதிரவில்லை. பொங்கலுக்கும் இருந்தது. தைப்பூசத்துக்கும் இருந்தது. கொஞ்சம் பெரிதானது போலக்கூட இருந்தது. நான் வைத்த பொட்டுகளில் அது ஒன்றைத்தான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். சில நாள் காலையில் கேபினுக்குள் ஏறும்போது ஈரச் சந்தன வாசம் வரும். பக்தியுள்ள லோரிகளுக்கு அப்படி ஒரு வாசம் இருக்கும் போல என்று அதையும் நம்பினேன்.

தீபாவளி சமயத்தில்தான் முள் முதலில் சாய்ந்ததைக் கவனித்தேன். ஃபெரி வரிசையில், மத்தியான வெயிலில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது தன் இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கியது. லோரி நகர்ந்ததும் எழுந்துகொண்டது. பொங்கலுக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியது. தைப்பூசத்துக்குப் பொட்டின் ஓரத்தைத் தொட்டது. சீனப் பெருநாளுக்குள் பொட்டுக்குப் பின்னாலேயே போய்விட்டது. அப்பாவின் இடத்திலிருந்து பார்த்தால் பொட்டு மட்டும்தான் தெரியும். என் இடது பக்க சீட்டிலிருந்து சாய்வாகப் பார்த்தால், கண்ணாடிக்கும் முள்ளுக்கும் நடுவில் இருந்த விரல் அளவு இடைவெளியில், பொட்டுக்குப் பின்னால் முள் படுத்திருப்பது தெரியும். போர்வைக்குள் யாரோ படுத்திருப்பது போல.

ஒருமுறை மட்டும் கேட்டேன். "ஏன்பா அது படுத்துக்குது?"

"வெயில்ல களைப்பா இருக்கும் பாப்பா."

எனக்கும் வெயிலில் களைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் சத்தியத்தின் விஷயம் மனதை விடவில்லை. முள் படுத்தால் என்றுதான் அப்பா சொன்னார். பொட்டுக்குப் பின்னால் படுத்தால் அது படுத்ததாகுமா? யாரும் பார்க்கவில்லையே. சாமி பார்த்திருப்பார் என்றால், மறைத்துக்கொண்டிருப்பதே சாமியின் பொட்டுத்தானே. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே ஃபெரி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். முள் மறையும்போது என் கை தானாகத் தலைக்குப் போகும். வெடிக்கப் போகிற தலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் சூடாக இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்ப்பேன். முள் எழுந்ததும் கையை எடுத்துவிடுவேன்.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மூட்டைகளோடு வரிசையில் நின்றோம். நல்ல வெயில். முள் போய்ப் படுத்தது. நான் தலையில் கை வைத்தேன். வரிசை நகரவில்லை, முள் எழவில்லை, நானும் கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தார் என்று தெரியாது. நான் சட்டென்று கையை எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்வது போலச் செய்தேன். அப்பா எஞ்சினை அணைத்தார். வரிசையில் நிற்கும்போது அவர் எஞ்சினை அணைத்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை அம்மா முள்ளைப் பார்த்து, டின்னைக் கொடுத்து, தையல் கடைக்குப் போனார். லோரி ஃபெரி பக்கம் திரும்பவில்லை. ஜெலுத்தோங் பக்கம் திரும்பியது.

அங்கே ஒரு சீனர் பட்டறை வைத்திருந்தார். அப்பா அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்பார். வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, காதில் ஒரு பென்சில். அவர் குடும்பம் முன்பு பத்து காவான் என்ற ஊரில், எஸ்டேட் ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தது. அதனால் அவருக்குத் தமிழ் வரும். அவர் தமிழில் எல்லாருமே 'நீ'தான்.

"முள்ளு சரியா தெரியல தவுக்கே. ஒரு தடவ பாத்துருங்க," என்றார் அப்பா.

தவுக்கே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எப்புடி தெரியும்? நீ சாமிய வச்சு மூடிட்ட. இந்த முள்ளு பூசாரி வேலைக்குப் போயிருச்சு லா."

அப்பா சிரிக்கவில்லை.

"எடுக்கலாமா? பாவம் இல்லயா?"

"எடுங்க."

தவுக்கே முதலில் நகத்தால் சுரண்டினார். வரவில்லை. இரும்பு அளவுகோலின் முனையை விட்டு நெம்பினார். பொட்டு ஒரே துண்டாக, சட்டைப் பொத்தான் மாதிரி, கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைத் திருப்பி, அதன் ஓரத்தைப் பார்த்தார். மஞ்சள், அதற்கு மேல் கொஞ்சம் வெளுத்த மஞ்சள், நடுவே சிவப்புக் கோடுகள், மறுபடியும் மஞ்சள். வெட்டிய கேக் துண்டு போல இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தார். 

"யாரு வச்சது?"

"பாப்பாதான். ஆயுத பூஜைக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது.

"பாப்பாவுக்குக் கை கனம்," என்றார் தவுக்கே. துண்டைப் பத்திரமாக முன்பலகையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதன்பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். நான் கேபினிலிருந்து இறங்கி, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அளவு சரியாக இருந்தது. இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்தார். டீசல் கலந்து எண்ணெய் தண்ணீராகியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று அப்பா எனக்குச் சொன்னார். கலக்கவில்லை. பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் திருகியிருந்த ஒரு பித்தளைக் குமிழைக் கழற்றினார். அந்தக் குமிழ்தான் முன்பலகை முள்ளுக்குச் செய்தி சொல்வதாம். அதன் இடத்தில் தன்னுடைய மீட்டர் ஒன்றை மெல்லிய செம்புக் குழாயோடு பொருத்தினார்.

"ஒன் மீட்டர் பொய் சொல்லலாம். இந்தக் குமிழு பொய் சொல்லலாம். என் மீட்டரு பொய் சொல்லாது. எங்கப்பா வாங்குனது."

அப்பா கேபினில் ஏறினார். எஞ்சின் ஓடிச் சூடாகும்வரை எல்லாரும் சும்மா நின்றோம். தவுக்கே எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். பிறகு கீழேயிருந்து குரல் கொடுத்தார். அமுக்கு என்றதும் அப்பா மிதிப்பார், அவருடைய மீட்டரில் முள் விறைத்து நிற்கும். விடு என்றதும் காலை எடுப்பார், எஞ்சின் அடங்கும், முள்ளும் மெல்லக் கீழே வந்து படுக்கும். அமுக்கு. விடு. அமுக்கு. விடு. ஆறேழு முறை செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில் போய்ப் படுத்தது. எங்கள் முள் பொய் சொல்லவில்லை. நான்கில் உண்மை பேசிய ஒரே முள் அதுதான் போல.

எஞ்சினை அணைத்துவிட்டு அப்பா இறங்கினார். தவுக்கே ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இப்ப நீதான் சொல்லணும். திடீர்னு விழுந்துச்சுன்னா சின்ன வியாதி. ஒரு வால்வு மாட்டிக்கிட்டிருக்கும், ஸ்ப்ரிங்கு போயிருக்கும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருவேன். கொஞ்சம் கொஞ்சமா விழுந்துச்சுன்னா அது வேற கதை. கீழ தொறக்கணும். சொல்லு, எப்புடி விழுந்துச்சு?"

அப்பாவின் கையில் ஒரு பழைய துணி இருந்தது. அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல்வரை வந்து, மறுபடியும் கட்டைவிரலுக்குப் போனார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. சொல்லாதே என்று சொல்கிறார் என்று நினைத்தேன். தவுக்கே சொன்னது எனக்கு முழுவதும் புரிந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் சின்ன வியாதி. லோரி இருக்கும். சனிக்கிழமைகள் இருக்கும், ஜன்னல் வழியாகப் பால் வரும், சூடான கோணிச்சாக்கு இருக்கும். அப்பாவுக்கும் அதுதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு உலகத்திலேயே சுலபமான வேலை. ஆனால் என் தலை கனக்கத் தொடங்கியது. காதுக்குள் இடித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதாக எழுத ஆசைதான். என் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுந்தேன்.

பேச்சு வரவில்லை. அதனால் வலது கையை முழங்கையிலிருந்து நிமிர்த்தி, முள் மாதிரி நேராக வைத்தேன்.

"ஆயுத பூஜை," என்றேன். கையைக் கொஞ்சம் சாய்த்தேன். "தீபாவளி." இன்னும் கொஞ்சம். "பொங்கல்." இன்னும். "தைப்பூசம்." கை கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. "சீனப் பெருநாள்." கடைசியில் கையைத் தொடையோடு ஒட்ட விட்டுவிட்டு, "நேத்து," என்றேன்.

 பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆயா," என்று சீனப் பாணியில் மெதுவாக வியந்தார் தவுக்கே. "இந்தப் பொண்ணு இருக்கும்போது ஒனக்கு மீட்டர் எதுக்கு?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டயரில் உட்கார்ந்து பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவுக்கே லோரிக்கு அடியில் ஒரு பெரிய தட்டைத் தள்ளி, எண்ணெயை வடியவிட்டார். அது கறுப்புக் கயிறு போல நீளமாக, சத்தமில்லாமல் இறங்கியது. நிறைந்ததும் தட்டை இழுத்து வெயிலில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். கறுப்புக்குள் பொன் தூள் மிதந்துகொண்டிருந்தது. அவர் ஒரு குச்சியால் மெல்லக் கலக்கினார். தூள் சுழன்று, கலைந்து, மறுபடியும் மினுங்கியது. இரவு வானத்தை ஒரு தட்டில் ஊற்றி வைத்தது போல இருந்தது. எங்கள் எஞ்சினுக்குள் இவ்வளவு அழகான ஒன்று இருந்ததா என்று நினைத்தேன். "அழகா இருக்குப்பா," என்றேன். அப்பா ஆமாம் என்றார்.

தவுக்கே ஒரு காந்தத்தைத் தட்டில் நனைத்து எடுத்தார். தூள் அதில் ஒட்டவில்லை.

"இரும்பு இல்ல. பேரிங்குல இருக்குற செம்பு. தேஞ்சு தேஞ்சு எண்ணெயில கலந்திருக்கு." பிறகு, என்னிடம் சொல்வது போல அப்பாவுக்குச் சொன்னார். "பைப்புல ஓட்ட சின்னதா இருந்தா தண்ணி பீச்சி அடிக்கும். ஓட்ட பெரிசானா சும்மா ஒழுகும். எண்ணெயும் இருக்கு, பம்பும் தள்ளுது. நடுவுல எடம் பெரிசாயிருச்சு. தள்ளத் தள்ள ஒழுகிப் போயிருது. மூணு தடவ பொறந்த லோரி, வேற என்னா செய்யும்?"

"கெட்டியான எண்ணெய் ஊத்துனா?" என்றார் அப்பா. அன்று அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஊத்துறேன். முள்ளு நிமிரும். ரெண்டு மாசம், மூணு மாசம். அதுவும் ஒரு பொட்டுதான் லா."

அப்பா மறுபடியும் விரல்களைத் துடைத்தார். "ஃபெரியில ஏறும்போது நின்னுட்டா?"

"நின்னா எஞ்சின் பூட்டிக்கும். பாரத்தோட சரிவுல நிப்ப. பின்னால யாரு நிக்கிறானோ அவன் தலையெழுத்து. ஒன் பக்கத்துல யாரு ஒக்காந்திருக்கோ..." அவர் அதை முடிக்கவில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டை எடுத்துக் கடைந்து புதுப் பேரிங் போடலாம் என்றும், இந்த வயசான எஞ்சினில் அதைச் சரிசெய்தால் அடுத்தது போகும் என்றும் சொன்னார். வற்புறுத்தவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஒன்றும் எழுதாமல், திரும்ப வைத்துக்கொண்டார்.

அப்பா லோரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் லேசாகத் தட்டினார், தினமும் காலையில் செய்வது போல. பிறகு கேபினில் ஏறி முருகன் படத்தை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பொட்டுத் துண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியைத் தவுக்கேயிடம் கொடுத்தார்.

அன்று மாலை அம்மா வேலையிலிருந்து வந்ததும் அப்பா விஷயத்தைச் சொன்னார். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டதே, அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அம்மா, "லோரி எங்க நிக்குது? மழையில நனையாதா?" என்று கேட்டார்.

மாமா சொல்லிவைத்து, அப்பாவுக்கு பஸ் வேலை கிடைத்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களை இருபது வருஷத்துக்கு மேல் ஏற்றி இறக்கினார். யூனிஃபார்ம் கொடுத்தார்கள், லீவு கொடுத்தார்கள். அந்த பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. சனிக்கிழமைகளில் நான் தையல் கடையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து துணித்துண்டுகளைப் பொறுக்கினேன். வாயைத் திறந்ததால் வந்த வினை என்று நினைத்தேன். அதன்பிறகு இன்னும் குறைவாகப் பேசினேன். இன்றைக்கும் வேலை இடத்தில் கூட்டம் போட்டால் நான் கடைசி நாற்காலிதான்.

இப்போது நான் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறேன். தீவிலிருந்து பாலத்தின் வழியாகப் போய் வர ஒரு பழைய கார் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் முன்பலகையில் சந்தனப் பொட்டு வைக்கிறேன். பத்து நாள்கூட நிற்பதில்லை. வெயிலில் காய்ந்து, ஓரம் எழும்பி, பாலத்தில் போகும்போது ஒரு அதிர்வில் உதிர்ந்து மடியில் விழும். வருஷம் தவறாமல் விழும். நானும் வருஷம் தவறாமல் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால், பாலத்தில் வண்டிகள் நின்றுபோன ஒரு காலையில், மடியில் விழுந்த துண்டைக் கையில் எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். ஒரே அடுக்கு. அவ்வளவுதான். ஒருமுறை வைத்த பொட்டுக்கு ஒரு அடுக்குதான் இருக்கும். தவுக்கேயின் உள்ளங்கையில் விழுந்த துண்டில் பல அடுக்குகள் இருந்தன.

அம்மா பார்த்தது காலை முள். அம்மாவிடமிருந்து மறைக்க அங்கே எதுவும் இல்லை. மத்தியான வெயிலில் ஃபெரி வரிசையில் அந்த முள்ளுக்கு நேரே உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். என் தலையில் கை வைத்தவரும் அவர்தான். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

பட்டறையில் அவர் என்னைப் பார்த்த பார்வையை அதன்பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொல்லாதே என்பவர் என்னை அங்கே ஏன் கூட்டிப்போக வேண்டும்? பிஸ்கட் தின்னவா? பொய் சொல்லவும் வராமல் உண்மையைச் சொல்லவும் வராமல் ஒரு மனிதர் விரல்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் தன்னைப் போலவே வாய் வராத ஒரு ஆள்தான் அவருக்கு இருந்தது. கேட்டுவிடலாம் என்றால் அவர் இப்போது இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன், அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

அன்று பட்டறையிலிருந்து நாங்கள் பஸ்ஸில்தான் வீடு திரும்பினோம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை; லோரியில் எப்போதும் நடுவில் எஞ்சின் இருக்கும். எதிரே பார்ப்பதற்கு முள் எதுவும் இல்லை. ஜெலுத்தோங் கடைகள் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அப்பாவின் மடியில் முருகன் படம் இருந்தது. அவர் கோபமாக இருக்கிறார் என்று பயந்து நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். உள்ளங்கை முழுவதையும் வைத்தார். எண்ணெய் வாசமும் சந்தன வாசமும் சேர்ந்து வந்தன. நிறுத்தங்கள் வந்தன, ஆள்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கை அப்படியே இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் இல்லப்பா," என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.